நான் இருக்கேன், பயப்படாதீங்க!

திருத்தணியில் ஒருத்தர் குண்டா, ஒல்லியா என்று கண்டுபிடிக்க எடை மெஷின் வேண்டாம். மலைக்கோயிலுக்கு 365 படி. வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. முதல் படியை ஜனவரி 1 என்று வைத்துக்கொண்டால், யார் எந்த மாதத்தில் மூச்சு வாங்கி உட்காருகிறார் என்பதை வைத்தே ஆளை எடை போட்டுவிடலாம். அடியேன் ஆடிக் கிருத்திகை வரை தாக்குப்பிடிப்பேன். எதிர்வீட்டுப் பாட்டி நிற்காமல் டிசம்பர் 31 வரை போய், பிரசாதக் க்யூவில் நமக்கும் சேர்த்து இடம் பிடித்து வைத்திருப்பாள். என் நண்பர் ஒருவர் மட்டும் பொங்கலைத் தாண்டியதே இல்லை.

நண்பரின் பெயர் வேண்டாம். அப்போது அவர் எடை 132 கிலோ. அதையே பெயராக வைத்துக்கொள்வோம். (கட்டுரை போகப் போக பெயர் மாறும். குழம்பாதீர்கள்.)

132-க்கு ஜவுளி மண்டியில் கணக்கு எழுதும் வேலை. வயது 36. சர்க்கரை உண்டு, பிரஷர் உண்டு, ராத்திரியில் குறட்டை உண்டு. குறட்டை கூடப் பரவாயில்லை. நடுநடுவே அது நின்றுபோகும். கூடவே மூச்சும். மறுபடி எப்போது வரும் என்று மனைவி இருட்டில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பார். ஊரில் சொன்ன வைத்தியம் எல்லாம் பார்த்தாயிற்று. கொள்ளு குடித்தார். குதிரை மாதிரி பசி எடுத்ததுதான் மிச்சம். காலையில் வாக்கிங் போனார். போகிற வழியில் இட்லிக் கடை இருந்தது.

கடைசியில் எடை குறைக்கும் ஆபரேஷனே செய்துகொள்வது என்று முடிவு செய்து, சென்னைக்கு ரயில் ஏறினோம். துணைக்கு நான். காரணம் நட்பு மட்டுமல்ல, நான் பி.காம். "பில்லுன்னு ஒண்ணு வந்தா நீதான் பாக்கணும் மச்சி" என்று கட்டளை.

பெரிய டாக்டர் பத்து நிமிஷம் பேசினார். நன்றாகவே பேசினார். ஸ்கேனைப் பார்த்தார், ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். 132 எச்சில் விழுங்கிக்கொண்டு, "சார், ஏதாவது ஆச்சுன்னா..." என்று இழுத்தார்.

டாக்டர் அவர் தோளில் கை வைத்து, "நான் இருக்கேன், பயப்படாதீங்க" என்றார்.

அவ்வளவுதான். 132 கண்ணில் தண்ணி. வெளியே வந்து, "மனுஷன் தெய்வம்பா" என்றார். மலை மேல் இருப்பவர் கோபித்துக்கொள்ளப்போகிறாரே என்று எனக்குக் கவலை.

இந்த வாரம் பேசப்போவது அந்த "நான் இருக்கேன்" பற்றித்தான். இதில் "நான்" என்றால் யார்? "இருக்கேன்" என்றால் எத்தனை நாளைக்கு? காமர்ஸ் படித்தவனுக்கு இப்படித்தான் புத்தி போகும். ஒப்பந்தத்தில் பார்ட்டி யார், காலம் எவ்வளவு என்று எழுதாவிட்டால் பின்னால் தகராறுதான்.

* * *

முதலில் ஆபரேஷன் என்ன என்று பார்த்துவிடலாம். 132-க்குச் செய்ததை 'ஸ்லீவ்' என்கிறார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி நீளவாக்கில் ஸ்டேப்ளர் அடித்து விட்டுவிடுவார்கள். ஆமாம், ஸ்டேப்ளர்தான். நம்ம ஆபீஸ் சமாசாரத்தின் தூரத்து உறவு. வயிற்றைப் பிளப்பதில்லை. நாலைந்து துளை வழியாக வேலை முடிந்துவிடும். 'பைபாஸ்' என்று இன்னொன்று உண்டு. அதில் இரைப்பையைச் சின்னதாக்கி, சிறுகுடலின் ஒரு பகுதியைச் சுற்றிவிட்டு, சாப்பாட்டுக்கு வேறு ரூட் போட்டுக் கொடுப்பார்கள்.

1960-களில் அமெரிக்காவின் அயோவாவில் எட்வர்ட் மேசன் என்ற டாக்டர் பைபாஸை ஆரம்பித்துவைத்தார். இன்று உலகம் முழுக்க நடக்கிறது. சரியான ஆளுக்குச் செய்தால் சர்க்கரை இறங்குகிறது, பிரஷர் இறங்குகிறது, ராத்திரி மூச்சு நிற்பது நிற்கிறது. அதனால் ஆபரேஷனைத் திட்டுகிற கட்டுரை இல்லை இது.

ஆனால் ஒரு விஷயம். குடல்வாலை எடுத்தால் கதை முடிந்தது. குடல்வாலுக்கு ஆயுசு முழுக்க யாரும் செக்கப் போவதில்லை. இது அப்படி இல்லை. ஆபரேஷன் ஒண்ணரை, ரெண்டு மணி நேரம். அதற்கு அப்புறம் வருவது ஆயுள் முழுக்க. முதல் ரெண்டு வாரம் தையல் இடத்தில் கசிவு வருமோ என்று பார்க்க வேண்டும். நாடி தறிகெட்டு ஓடுவது அதன் முதல் அறிகுறியாக இருக்கலாம். மூணு நாலு மாதத்தில் தலைமுடி கொட்டும். பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் வரலாம். ரெண்டு வருஷம் கழித்து எடை மறுபடி எட்டிப் பார்க்கலாம். வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம் எப்போதும் சாப்பிட வேண்டும். வருஷம் ஒருமுறை ரத்தம் டெஸ்ட் பண்ண வேண்டும். இளைஞர்கள் கவனத்துக்கு: ஆபரேஷனுக்கு அப்புறம் சரக்கு சீக்கிரமே தலைக்கு ஏறும். பழைய கணக்கில் ஊற்றினால் பழைய கணக்கில் வீடு போய்ச் சேர முடியாது.

நம்ம பாஷையில் சொன்னால், இது ரொக்கத்துக்கு வாங்கி ரசீதை மடித்து வைக்கிற சமாசாரம் இல்லை. ஆயுள் முழுக்க சர்வீஸ் தேவைப்படுகிற மெஷின். ஆனால் 132-ன் பில்லை வரி வரியாகப் பார்த்தேன். தியேட்டர் சார்ஜ் இருந்தது. மயக்க டாக்டர் ஃபீஸ் இருந்தது. ஸ்டேப்ளர் தோட்டா எத்தனை என்று கூட இருந்தது. சர்வீஸ் என்ற வரி மட்டும் இல்லை. மொத்தத் தொகையில் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கலாம். காருக்காவது மூணு ஃப்ரீ சர்வீஸ் கொடுக்கிறான்.

* * *

ஆபரேஷன் ஜம்மென்று முடிந்தது. 132 ஊர் திரும்பினார். கஞ்சி, மோர், பருப்புத் தண்ணி என்று ஒரு மாதம். அஞ்சாவது வாரம் அவர் பெயர் 118. மண்டியில் எல்லோரும் கை கொடுத்தார்கள். சட்டை தொளதொளவென்று ஆனதில் டெய்லருக்கு மட்டும் வருத்தம், முன்பு மீட்டர் கணக்கில் கூலி வாங்கியவர்.

அப்புறம்தான் வாந்தி. முதலில் இட்லி நிற்கவில்லை. பிறகு கஞ்சி நிற்கவில்லை. பிறகு தண்ணீரும் நிற்கவில்லை. "ஆபரேஷன்னா இப்படித்தான் இருக்கும்" என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். அவர்களில் யாருக்கும் ஆபரேஷன் ஆனதில்லை. பத்து நாள் இப்படியே போய், ஒரு சனிக்கிழமை ராத்திரி 118-ன் மனைவி எனக்கு போன் செய்தார். "அண்ணா, கொஞ்சம் வர்றீங்களா? அவரால எழுந்து நிக்க முடியல."

பஜார் பக்கத்து கிளினிக்குக்கு ஆட்டோவில் கொண்டுபோனோம். நர்ஸ் வழக்கம்போல குளுக்கோஸ் பாட்டிலை மாட்டப் போனார். நம்ம ஊரில் வாந்தி என்றால் குளுக்கோஸ்தானே? அந்த அம்மா கையோடு கொண்டுவந்த ஃபைலை டாக்டரிடம் நீட்டி, "சார், வயித்துல ஆபரேஷன் ஆகியிருக்கு" என்றார். டாக்டர் ரெண்டு பக்கம் புரட்டினார். "சிஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க" என்றார். 118-ன் காலைத் தொட்டு, "இங்க தொட்டா தெரியுதா?" என்றார்.

"மரத்துப்போன மாதிரி இருக்கு சார். ரெண்டு நாளா."

இந்த இடத்தில் கொஞ்சம் வைட்டமின் கணக்கு. பி12 என்பது ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி. கல்லீரலில் வருஷக்கணக்கில் இருப்பு இருக்கும். தீர்ந்தது தெரியவே நாளாகும். பி1, அதாவது தயமின், சில்லறைச் செலவுக்கு மேஜை டிராயரில் வைத்திருக்கும் காசு. வரவு நின்றால் சில வாரத்தில் காலி. விடாமல் வாந்தி எடுத்தால் சீக்கிரமே காலி. காலி ஆனால் கால் மரக்கும், நடை தள்ளாடும், கண்ணில் ரெண்டு ரெண்டாகத் தெரியும், கடைசியில் நினைவே தடுமாறும். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் வெறும் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், அந்த குளுக்கோஸைச் செரிக்க இருக்கிற கொஞ்சநஞ்ச தயமினும் செலவாகி, மூளைக்கே பாதிப்பு வரலாம். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்வதுதான், ஆனால் ஆள் கவிழ்ந்துவிடுவான்.

கிளினிக் டாக்டர் முதலில் தயமின் ஊசியைப் போட்டார். அப்புறம்தான் பாட்டில். போட்டுவிட்டு, "ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட நான் பேசணும், நம்பர் கொடுங்க" என்றார்.

நம்பர் ஃபைலில் இருந்தது. அடித்தேன். இனிமையான பெண் குரல், ரெக்கார்டு செய்தது. "புதிய நோயாளி என்றால் எண் 1-ஐ அழுத்தவும். ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர் என்றால் எண் 2-ஐ அழுத்தவும்." நேர்மையாக 2-ஐ அழுத்தினேன். புல்லாங்குழல் வந்தது. நல்ல வாசிப்பு. ஏழு நிமிஷம் கேட்டேன். அப்புறம் ஒரு கோஆர்டினேட்டர். "பெரிய டாக்டர்கிட்ட நேரா கனெக்ட் பண்ண முடியாது சார். திங்கட்கிழமை ஓ.பி.க்கு வந்துடுங்க. வாந்திக்கு டயட்டீஷியன் காலையில கால் பண்ணுவாங்க."

118-ன் மனைவி என் கையிலிருந்து போனை வாங்கினார். எண் 1-ஐ அழுத்தினார். ரெண்டே ரிங்கில் எடுத்தார்கள். "வணக்கம் மேடம்! எத்தனை கிலோ மேடம்?"

"நூத்திப் பதினெட்டு" என்றார் அந்த அம்மா. "ஏற்கெனவே உங்ககிட்ட பதினாலு கிலோ கொடுத்தாச்சு. இப்ப ஆளு போயிட்டிருக்கு. டாக்டரைக் கூப்பிடுங்க."

பத்து நிமிஷத்தில் பெரிய டாக்டரே கூப்பிட்டார். கிளினிக் டாக்டரோடு பேசினார், தயமின் போட்டதற்கு நன்றி சொன்னார், உடனே கொண்டுவரச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆஸ்பத்திரிக்கு அவரே வந்து நின்றார். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தால், ஸ்லீவின் நடுவில் ஒரு இடம் சுருங்கி அடைத்திருந்தது. பலூன் விட்டு விரித்துவிட்டார். "எனக்கு யாருமே சொல்லலியே" என்று அவருக்கே வருத்தம்.

ஆக, அடைப்பு ரெண்டு இடத்தில். ஒன்று இரைப்பையில், இன்னொன்று போன் லைனில். முதல் அடைப்பை எடுக்கத் தெரிந்த மனுஷர் ரெண்டாவது அடைப்புக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார்.

இங்கே வில்லன் யாரும் இல்லை, கவனித்தீர்களா? டாக்டர் நல்லவர். கோஆர்டினேட்டர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னார். "நான் இருக்கேன்" என்ற வார்த்தைக்கு ரெண்டு பேர் ரெண்டு அர்த்தம் வைத்திருந்தார்கள். டாக்டர் சொன்னது தியேட்டருக்குள். நண்பர் கேட்டுக்கொண்டது ஆயுசுக்கும்.

* * *

இந்த அர்த்தக் குழப்பம் உலக அளவிலேயே ஒருமுறை சந்தி சிரித்தது. எகிப்திலிருந்து இமான் அகமது என்ற பெண்ணை, சுமார் 500 கிலோ எடையோடு, 2017 பிப்ரவரியில் சரக்கு விமானத்தில் மும்பை சைஃபி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது ஞாபகம் இருக்கலாம். கிரேன் வைத்துத் தூக்கினார்கள். மார்ச்சில் டாக்டர் முஃபாசல் லக்டாவாலாவின் குழு ஸ்லீவ் ஆபரேஷன் செய்தது. 300 கிலோவுக்கு மேல் குறைந்துவிட்டது என்றது ஆஸ்பத்திரி. குறையவே இல்லை, பொய் என்று ஏப்ரலில் வீடியோ வெளியிட்டார் கூட வந்த தங்கை. ஊரெல்லாம் பட்டிமன்றம்.

உள்ளே இருந்த பிரச்னை கிலோ இல்லை. 'எடையைக் குறைத்தாயிற்று, எங்கள் வேலை முடிந்தது, ஊருக்கு அழைத்துப் போகலாம்' என்பது டாக்டர்கள் பக்கம். 'அக்கா எழுந்து நடப்பாள் என்று வந்தோம், இன்னும் படுக்கையில்தானே இருக்கிறாள்' என்பது தங்கை பக்கம். இமானுக்கு ஏற்கெனவே பக்கவாதம் வந்திருந்தது. எடையைக் குறைத்தால் மட்டும் அது போய்விடாது. மே மாதம் இமானை அபுதாபிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 2017 செப்டம்பர் 25 அன்று இறந்துபோனார். எது முடிவு, எங்கே நிறுத்துவோம், அப்புறம் யார் பார்ப்பார்கள் என்ற கணக்கில் இரண்டு தரப்பும் கடைசி வரை ஒத்துப்போகவே இல்லை.

* * *

சட்டம் என்ன சொல்கிறது? "யுவர் ஆனர்" என்று ஆரம்பிக்கமாட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன்.

காசு வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று சுப்ரீம் கோர்ட் 1995-லேயே சொல்லிவிட்டது. டாக்டர்களுக்கான 2002-ஆம் வருஷத்து நடத்தை விதிகளில் ஒரு வரி இருக்கிறது. ஒரு கேஸை ஏற்றுக்கொண்ட பிறகு நோயாளியை அலட்சியமாக விடக்கூடாது. விலகுவதென்றால் அவருக்கும் குடும்பத்துக்கும் போதிய அவகாசம் கொடுத்துச் சொல்லிவிட்டுத்தான் விலக வேண்டும். அதே விதிகளில் இன்னொன்று: உங்கள் மெடிக்கல் ரெக்கார்டுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். இதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொள்ளலாம்.

2013-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. சம்பவம் 1987 டிசம்பரில், மும்பையில். டாக்டர் பி.பி. தேசாய் பெயர் பெற்ற புற்றுநோய் சர்ஜன். ஒரு பெண்மணிக்கு ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னவர் அவர். அவர் செய்வார் என்று நம்பித்தான் அந்தக் குடும்பம் சம்மதித்தது. ஆனால் வயிற்றைத் திறந்தது வேறு டாக்டர். உள்ளே நிலைமை மோசம் என்று தெரிந்து கூப்பிட்டபோது, தேசாய் எட்டி நின்று பார்த்து, மூடிவிடச் சொன்னார். அதற்குப் பிறகு அந்த அம்மா மாதக்கணக்கில் ரணத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். 'அவர் என் பேஷன்ட்டே இல்லை' என்று கோர்ட்டில் வாதாடினார் டாக்டர். கோர்ட் ஒப்புக்கொள்ளவில்லை. கிரிமினல் குற்றம் இல்லை என்று விடுவித்தது. ஆனால் யோசனை சொல்லி, நம்பிக்கை கொடுத்துவிட்டு நேரில் கவனிக்காமல் விட்டது கடமை தவறியதுதான் என்று சொன்னது.

அதாவது "நான் இருக்கேன்" என்பதற்குச் சட்டத்திலும் எடை உண்டு. ஆனால் வாந்தி எடுக்கிறவன் சனிக்கிழமை ராத்திரி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக முடியாது. 1987-ல் நடந்ததற்கு 2013-ல் தீர்ப்பு. அவ்வளவு நாள் தயமின் இருப்பு தாங்காது.

இன்ஷூரன்ஸ் கதை இன்னும் தமாஷ். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிப்படி, இந்த ஆபரேஷனுக்கு பாலிசி பணம் வேண்டுமென்றால் டாக்டர் ஆலோசனை இருக்க வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும், பி.எம்.ஐ. 40-க்குக் குறையக்கூடாது. அடங்காத சர்க்கரை, கடுமையான தூக்க மூச்சடைப்பு, இதய நோய் மாதிரி இருந்தால் 35 போதும். (பி.எம்.ஐ. என்பது எடையை உயரத்தால் இரண்டு முறை வகுப்பது. 132 கிலோவை 1.70 மீட்டரால் ரெண்டு தடவை வகுத்தால் 45.7. நண்பர் டிஸ்டிங்ஷனில் பாஸ்.) சரி, டிஸ்சார்ஜ் ஆன பிறகு? 2020-ல் வந்த 'ஆரோக்ய சஞ்சீவனி' என்ற பொதுப் பாலிசியில் டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு 60 நாள் வரைதான். மாத்திரை ஆயுசுக்கும், பாலிசி அறுபது நாளைக்கும். மிச்சத்துக்கு மாதச் சம்பளத்தில் ஒரு வரி ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

* * *

டாக்டர் பக்கத்தையும் சொல்லாவிட்டால் தராசு சாய்ந்துவிடும். ஒரு சர்ஜன் வாரத்துக்கு ஐந்து ஆபரேஷன் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு 250 பேர். பத்து வருஷத்தில் 2,500 பேர். அத்தனை பேரும் "சார், முடி கொட்டுது", "சார், பிரியாணி ஒரு வாய் சாப்பிடலாமா?" என்று போன் செய்தால், அவர் கத்தியைப் பிடிப்பாரா, போனைப் பிடிப்பாரா? சாப்பாட்டுக் கேள்விக்கு டயட்டீஷியன்தான் சரியான ஆள். மாத்திரைக் கணக்குக்கு ஊர் டாக்டர் போதும். எல்லாவற்றுக்கும் பெரிய டாக்டரே வேண்டும் என்று அடம்பிடிப்பது, தாலுகா ஆபீஸ் சான்றிதழுக்கு முதலமைச்சர் கையெழுத்து கேட்கிற மாதிரி.

இன்னொன்று. முதல் வருஷம் செக்கப்புக்கு ஒழுங்காக வருகிறவர்கள், இளைத்துப் பேன்ட் சைஸ் குறைந்ததும் காணாமல் போகிறார்கள். வருஷம் ஆக ஆக வருகிறவர்கள் எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போவது எல்லா நாட்டு டாக்டர்களும் சொல்கிற புலம்பல். மேலே சொன்ன பி12 ஃபிக்ஸட் டெபாசிட் தீர்வதோ, சரியாக அந்தக் காலத்தில். சர்ஜன் போனை எடுக்கவில்லை என்று சண்டை போடுகிற நாம், சர்ஜன் ஆபீஸ் கூப்பிடும்போது எடுக்கிறோமா?

ஆகவே எனக்குத் தெரிந்த நியாயம் இதுதான். பெரிய டாக்டர் எல்லாவற்றுக்கும் வர வேண்டாம். ஆனால் ஆபத்து என்றால், எந்த வழியாகப் போனால் அவரிடம் எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேரலாம் என்பது ஆபரேஷனுக்கு முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1 அன்றுதான் ஆந்திராவிலிருந்து நம்ம பக்கம் வந்தது. அதற்கு ம.பொ.சி. எவ்வளவு போராட வேண்டியிருந்தது! எல்லைக்கோடு எங்கே என்று முதலிலேயே தெளிவாக எழுதாவிட்டால் என்ன பாடு என்பது திருத்தணிக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அதனால் பணம் கட்டுவதற்கு முன் கேட்கவேண்டியவை. (கட்டிய பின் கேட்டால் அதற்குப் பெயர் கேள்வி அல்ல, கெஞ்சல்.)

ஒன்று: டிஸ்சார்ஜ் ஆன பிறகு ராத்திரி 11 மணிக்குப் பிரச்னை என்றால் யார் போனை எடுப்பார்? பெயர், நம்பர் இரண்டும் டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதித் தருவீர்களா?

இரண்டு: ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாத செக்கப், அப்புறம் வருஷா வருஷம் செக்கப். இதில் எதில் சர்ஜன் பார்ப்பார், எதில் மற்றவர்கள்? இது பேக்கேஜுக்கு உள்ளேயா, வெளியேயா?

மூன்று: கசிவோ அடைப்போ வந்து மறுபடி அட்மிட் ஆனால் அந்தச் செலவு யாருடையது?

நான்கு: சர்ஜன் இந்த ஆஸ்பத்திரியில் மட்டும் இருப்பவரா, நாலு ஆஸ்பத்திரி சுற்றுகிறவரா? அவர் ஊரில் இல்லாத அன்று பொறுப்பு யார்?

ஐந்து: நிலைமை மோசமானால் அதே கட்டடத்தில் சமாளிக்க தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் இதே ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்துபோனார். அரசு குழு விசாரித்தது. அந்த ஆஸ்பத்திரியின் அனுமதி தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டது. விசாரணை எப்போதும் அப்புறம்தான் வரும். கேள்வி முன்னாலேயே வரலாம்.

ஆறு, எனக்குப் பிடித்தது: எங்கள் ஊர் டாக்டருக்கு ஒரு பக்கத்தில் லெட்டர் கொடுப்பீர்களா? என்ன ஆபரேஷன், எந்த வலி மாத்திரை கூடாது, வாந்தி நிற்காவிட்டால் முதலில் எந்த ஊசி, யாரைக் கூப்பிடுவது. ஒரு பக்கம் போதும். அன்று ராத்திரி திருத்தணி கிளினிக்கில் டாக்டர் ஃபைலைப் புரட்டாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையை நான் வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

இப்போது வாரம் ஒரு ஊசியில் எடை குறைக்கிற மருந்தும் வந்துவிட்டது. 2025-லிருந்து ஊரெல்லாம் அதே பேச்சு. கத்தி இல்லை என்பதால் கேள்வி இல்லை என்று அர்த்தமில்லை. ஊசியை எழுதிக்கொடுத்தவர் ஆறு மாதம் கழித்தும் பார்ப்பாரா என்று அங்கேயும் கேளுங்கள்.

நண்பரைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது அவர் பெயர் 91. குறட்டையில் மூச்சு நிற்பதில்லை. அதனால் அவர் மனைவி தூங்குகிறார். சர்க்கரை மாத்திரை பாதியாகிவிட்டது. மூணு மாதத்துக்கு ஒருமுறை ரயில் ஏறி செக்கப் போய்வருகிறார். சர்ஜனின் செல் நம்பர் ஒரு சீட்டில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. இதுவரை ஒரே ஒருமுறைதான் கூப்பிட்டார்களாம், பொங்கல் வாழ்த்து சொல்ல. டாக்டர் எடுத்தாராம்.

எந்த டாக்டராவது உங்கள் தோளில் கை வைத்து "நான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று சொன்னால், மனசு உருகட்டும், தப்பில்லை. உருகி முடித்ததும், கையில் பேனாவை எடுத்துக்கொண்டு, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"ரொம்ப சந்தோஷம் சார்... எந்த நம்பர்ல?"